டெபியன் குனூ/கேஃபிரீபிஎஸ்டி

டெபியன் குனூ/கேஃபிரீபிஎஸ்டி என்பது டெபியன் திட்டத்தின் தன்னார்வலர்கள் உருவாக்கிய ஒரு கட்டற்ற மென்பொருள் இயங்குதளம் ஆகும். டெபியனின் வழமையான வெளியீடுகள் லினக்ஸ் கருனியின் மீது இயங்குகின்றன. இவ்வியங்குதளமோ ஃபிரீபிஎஸ்டியின் கருனியின் மீது இயங்கியது. கருனிக்கு மேலே அமைந்த குனூ சி நிரலகம், குனூ கருவிகள், ஆப்ட் பொதி மேலாண்மை, பயன்பாட்டு மென்பொருட்கள் ஆகியன பெரும்பாலும் டெபியனில் உள்ளவையாகவே இருந்தன.

இன்டெல், ஏஎம்டி வகைச் செயலிகளுக்கென 32 பிட்டு, 64 பிட்டு என இரு பதிப்புகள் பேணப்பட்டன. 2011 பிப்ரவரி 6 அன்று வெளியான டெபியன் 6.0 உடன் இது முதன்முறையாகத் தொழில்நுட்ப முன்னோட்டம் என்ற நிலையில் வெளியிடப்பட்டது. 2013 மே 4 அன்று வெளியான டெபியன் 7 உடனும் வெளிவந்தது. 2014 நவம்பரில் அதிகாரபூர்வ வெளியீட்டுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. போதிய ஆர்வமும் நிரலாளர்களும் இல்லாமையால் 2023 ஜூலையில் திட்டம் முறைப்படி முடித்துவைக்கப்பட்டது.

ஓர் இயங்குதளத்தின் கருனியை மட்டும் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்த முடியுமா என்ற வினாவுக்கு, அன்றாடப் பயன்பாட்டுக்கு உதவும் அளவில் ஆம் என விடை தந்த சில முயற்சிகளுள் இதுவும் ஒன்று. அவ்வாறு பொருத்தியதைத் தொடர்ந்து பேணுவதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதையும் இதன் வரலாறு காட்டுகிறது.

பின்னணி

இயங்குதளம் என்பது ஒற்றை நிரல் அன்று. அதன் மையத்தில் இருப்பது கெர்னல் எனப்படும் கருனி. நினைவகத்தைப் பங்கிடுதல், செயல்முறைகளை முறைவைத்து ஓட்டுதல், கோப்பு முறைமை, வலையமைப்பு, வன்பொருட்களுக்கான இயக்கிகள் ஆகியன கருனியின் பொறுப்பு. பிற நிரல்கள் வன்பொருளை நேரடியாகத் தொடுவதில்லை. கோப்பைத் திறக்கவோ வலையமைப்பில் தரவை அனுப்பவோ வேண்டுமாயின், அவை கருனியிடம் வேண்டுகோள் விடுக்கின்றன. இவ்வேண்டுகோள் கருனி அழைப்பு எனப்படும். பெரும்பாலான நிரல்கள் இவ்வழைப்பையும் தாமே விடுப்பதில்லை. சி நிரலகம் என்னும் இடைநிலைப் பகுதி அவற்றின் சார்பில் அதனைச் செய்கிறது.

1983 இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டம், முழுமையான கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்குவதை நோக்கமாகக் கொண்டது. தொகுப்பி, உரைத்தொகுப்பி, ஆணை முகப்பு, சி நிரலகம் முதலியவை ஒவ்வொன்றாக உருவாயின. 1990 இல் தொடங்கப்பட்ட ஹர்ட் என்னும் கருனி மட்டும் நெடுங்காலம் நிறைவுறாமல் இருந்தது. 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருனி அவ்விடத்தை நிரப்பியது. இவ்வாறு வெவ்வேறு குழுவினர் உருவாக்கிய பகுதிகளைத் திரட்டி, ஒத்திசைவாக்கி, நிறுவத்தக்க வடிவில் தருவனவே வழங்கல்கள் எனப்படுகின்றன. 1993 ஆகத்து 16 அன்று இயன் முர்டாக் தொடங்கிய டெபியன் அவற்றுள் ஒன்று.

ஃபிரீபிஎஸ்டி வேறொரு மரபைச் சார்ந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் வளர்ந்த யூனிக்ஸ் வகையிலிருந்து தோன்றிய இதன் முதல் பதிப்பு 1993 நவம்பரில் வெளியானது. இதில் கருனி, சி நிரலகம், அடிப்படைக் கருவிகள் அனைத்தும் ஒரே குழுவினரால் ஒரே மூலநிரல் தொகுதியாகப் பேணப்படுகின்றன. ஃபிரீபிஎஸ்டி என்னும் பெயர் முழு இயங்குதளத்தையும், லினக்ஸ் என்னும் பெயர் அடிப்படையில் ஒரு கருனியையும் குறிப்பது இவ்வேறுபாட்டால்தான்.

டெபியன் தனித்தனிப் பகுதிகளின் திரட்டு என்பதால், அதில் ஒரு பகுதியை மாற்றிப் பார்க்கலாம் என்ற எண்ணம் எழுந்தது. பல்வகைக் கணினிகளில் இயங்கும் பட்டறிவும் டெபியனுக்கு ஏற்கனவே இருந்தது. 2002 ஜூலையில் வெளியான டெபியன் 3.0 பதினொரு வன்பொருள் கட்டமைப்புகளுக்கு ஆதரவளித்தது. எனினும், செயலியை மாற்றுவதும் கருனியை மாற்றுவதும் ஒன்றல்ல. செயலி மாறும்போது அதே கருனி கீழே நின்று, நிரல்களுக்குப் பழகிய முகத்தையே காட்டுகிறது. கருனி மாறும்போது செயலி அதுவாகவே இருந்தாலும், நிரல்கள் எதிர்கொள்ளும் அந்த முகமே மாறிவிடுகிறது.

பெயர்

தொடக்கத்தில் இம்முயற்சி டெபியன் குனூ/ஃபிரீபிஎஸ்டி என அழைக்கப்பட்டது. இதில் எடுத்தாளப்பட்டது ஃபிரீபிஎஸ்டி இயங்குதளம் முழுவதும் அன்று, அதன் கருனி மட்டுமே. இதனைத் தெளிவாக்கும் பொருட்டு, கெர்னல் என்னும் சொல்லின் முதலெழுத்தான "கே" பெயரில் சேர்க்கப்பட்டது. கட்டமைப்பின் பெயர்களும் இவ்வழியே கேஃபிரீபிஎஸ்டி-ஐ386, கேஃபிரீபிஎஸ்டி-ஏஎம்டி64 என அமைந்தன. கணினியிடம் இயங்குதளத்தின் பெயரைக் கேட்கும் யூநேம் ஆணைக்கு "குனூ/கேஃபிரீபிஎஸ்டி" என்பதே விடையாக வந்தது.

வரலாறு

2000களின் தொடக்க ஆண்டுகளில் இப்பணி சிலரின் சோதனை முயற்சியாக நடைபெற்றது. குனூ சி நிரலகத்தை ஃபிரீபிஎஸ்டி கருனியின் மீது இயங்கச் செய்ததே முதற்பெரும் படி. அதன்பின் தொகுப்பி, ஆணை முகப்பு, பொதி மேலாளர் ஆகியன இயங்கின. தன்னைத் தானே தொகுத்துக்கொள்ளும் ஆற்றலை முறைமை எய்திய பின்னர், ஆயிரக்கணக்கான பொதிகளை ஒவ்வொன்றாகத் தொகுத்துப் பிழை நீக்கும் நீண்ட பணி தொடர்ந்தது.

2009 ஏப்ரலில் இரு கட்டமைப்புகளும் டெபியனின் முதன்மைக் களஞ்சியத்தில் சேர்க்கப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில், அடுத்த நிலையான வெளியீட்டில் கேஃபிரீபிஎஸ்டியும் இடம்பெறும் என வெளியீட்டுக் குழு அறிவித்தது. லினக்ஸ் அல்லாத கருனி ஒன்று டெபியனின் நிலையான வெளியீட்டில் இடம்பெறுவது அதுவே முதன்முறை.

வெளியீடுகள் பின்வருமாறு:

- 2011 பிப்ரவரி 6: டெபியன் 6.0, குறிப்பெயர் ஸ்குவீஸ். ஃபிரீபிஎஸ்டி 8.1 கருனி. தொழில்நுட்ப முன்னோட்டம்.
- 2013 மே 4: டெபியன் 7, குறிப்பெயர் வீசி. ஃபிரீபிஎஸ்டி 9.0 கருனி. தொழில்நுட்ப முன்னோட்டம்.
- 2015 ஏப்ரல் 25: டெபியன் 8, குறிப்பெயர் ஜெஸ்ஸி. இதன் அதிகாரபூர்வ வெளியீட்டில் கேஃபிரீபிஎஸ்டி இடம்பெறவில்லை.

முன்னோட்டம் என்ற நிலைக்குத் தெளிவான பொருள் உண்டு. வழங்கிகளில் பயன்படும் மென்பொருட்கள் நன்கு இயங்கின. மேசைத்தளச் சூழலில், லினக்ஸ் பதிப்பில் இருந்த சில வசதிகள் இல்லை. இக்குறைகளை அறிந்தே பயனர்கள் நிறுவ வேண்டும் என்பதை அப்பெயர் உணர்த்தியது.

கட்டமைப்பு

எங்கே வெட்டி ஒட்டுவது

ஒரு வழங்கலை வேறொரு கருனிக்குப் பெயர்க்க முனைவோர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது, எந்த இடத்தில் வெட்டி ஒட்டுவது என்பதாகும். இதற்கு இரு வழிகள் உண்டு.

முதல் வழியில், புதிய கருனியுடன் அதற்கே உரிய சி நிரலகமும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. கருனியும் நிரலகமும் ஒரே இடத்தில் பிறந்தவை என்பதால் அவ்விரண்டுக்கும் இடையே சிக்கல் எழாது. ஆனால் மேலே உள்ள பல்லாயிரம் பொதிகள் பழக்கமில்லாத ஒரு நிரலகத்தைச் சந்திக்க நேரிடும். குனூ நிரலகத்தின் சிறப்பு வசதிகளை நம்பி எழுதப்பட்டவை தடுமாறும்.

இரண்டாம் வழியில், கருனி மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டு, குனூ சி நிரலகம் அதன் மீது அமர்த்தப்படுகிறது. கடினமான பணி ஓரிடத்தில் குவிகிறது. அது வெற்றி பெற்றால், மேலே உள்ள பொதிகளுள் பெரும்பாலானவற்றுக்குக் கீழே கருனி மாறியதே தெரியாது. டெபியன் குனூ/கேஃபிரீபிஎஸ்டி இவ்வழியையே தேர்ந்துகொண்டது.

குனூ சி நிரலகம்

இரு கருனிகளும் யூனிக்ஸ் மரபைப் பின்பற்றுவன. ஆகவே திறத்தல், படித்தல், எழுதுதல், புதிய செயல்முறை தோற்றுவித்தல் போன்ற அடிப்படைச் செயல்கள் இரண்டிலும் உண்டு. வேறுபாடு எண்களிலும் முறைகளிலும் உள்ளது.

32 பிட்டு இன்டெல் கணினிகளில் படித்தலுக்கான அழைப்பு எண் 3, எழுதுதலுக்கு 4, திறத்தலுக்கு 5 என்பது இரு கருனிகளிலும் ஒன்றே. இது பழைய யூனிக்ஸிலிருந்து வந்த பொது மரபு. 64 பிட்டுக் கணினிகளில் ஃபிரீபிஎஸ்டி அதே எண்களைத் தொடர, லினக்ஸ் அவற்றை முறையே 0, 1, 2 என மாற்றி அமைத்தது. 32 பிட்டில் எண்கள் ஒத்திருந்தும் அழைக்கும் முறை வேறு. லினக்ஸ் அழைப்பின் உள்ளீடுகளைச் செயலியின் பதிவகங்களில் எதிர்பார்க்கிறது. ஃபிரீபிஎஸ்டி அவற்றை அடுக்கு நினைவகத்தில் எதிர்பார்க்கிறது. அழைப்பு தோல்வியுற்றால் லினக்ஸ் பிழை எண்ணை எதிர்ம எண்ணாகத் திருப்பித் தரும். ஃபிரீபிஎஸ்டி செயலியின் மிகுதிக் கொடியை உயர்த்தி, பிழை எண்ணைத் தனியே தரும்.

பிழை எண்களும் வேறுபடுகின்றன. "இப்போது இயலாது, மீண்டும் முயல்க" என்பது லினக்ஸில் 11, ஃபிரீபிஎஸ்டியில் 35. "முட்டுப்பூட்டு நேர்ந்துள்ளது" என்பது லினக்ஸில் 35, ஃபிரீபிஎஸ்டியில் 11. அதாவது இவ்விரு எண்களும் ஒன்றுக்கொன்று இடம் மாறியுள்ளன. சமிக்ஞைகளிலும் இத்தகைய நிலை உண்டு. எண் 17 லினக்ஸில், ஒரு செயல்முறையின் சேய்ச் செயல்முறை முடிந்தது என்னும் அறிவிப்பு. ஃபிரீபிஎஸ்டியில் அதே எண், செயல்முறையை நிறுத்திவைக்கும் கட்டளை. பெயர்களைக் கொண்டு எழுதப்பட்ட நிரல், மீண்டும் தொகுத்தால் தானே சரியாகிவிடும். எண்களை நேரடியாக எழுதிய நிரல், அறிவிப்பு அனுப்புவதாக எண்ணிக்கொண்டு இன்னொரு நிரலை உறையச் செய்துவிடும்.

வலையமைப்பு முகவரியைக் குறிக்கும் தரவமைப்பும் மாறுபட்டது. லினக்ஸில் முகவரியின் வகைக்கு இரண்டு பைட்டுகள் ஒதுக்கப்பட்டுள்ளன. பிஎஸ்டி மரபில் ஒரு பைட்டு முகவரியின் நீளத்துக்கும் மற்றொரு பைட்டு வகைக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. ஐபி ஆறாம் பதிப்பு முகவரி வகையின் எண் லினக்ஸில் 10, ஃபிரீபிஎஸ்டியில் 28.

மிகவும் கடினமாக அமைந்தது இழைகள் தொடர்பான பகுதி. ஒரே செயல்முறைக்குள் பல வேலைகள் இணையாக நடப்பதற்கு உதவுவன இழைகள். குனூ சி நிரலகத்தின் புதிய இழை நிரலகம், லினக்ஸ் கருனிக்கே உரிய ஃபியூடெக்ஸ் என்னும் பூட்டு வசதியை அடிப்படையாகக் கொண்டு எழுதப்பட்டிருந்தது. ஃபிரீபிஎஸ்டியில் அதே நோக்கத்துக்கு வேறு அழைப்புகள் உள்ளன. எனவே தொடக்கத்தில், லினக்ஸ் உலகம் கைவிட்டுவிட்ட பழைய இழை நிரலகத்தை அடியொற்றிய ஒன்றே இங்கு பயன்பட்டது.

இவை அனைத்தும் குனூ சி நிரலகத்தின் மீதான ஒட்டுகளாக டெபியனில் பேணப்பட்டன. மூல நிரலகம் புதிய பதிப்பைக் காணும் ஒவ்வொரு முறையும் இவ்வொட்டுகளைச் சரிபார்த்துப் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

கருனியை ஒட்டிய கருவிகள்

சில கருவிகள் தாம் பணிபுரியும் கருனியை நெருக்கமாக அறிந்திருக்க வேண்டும். கோப்பு முறைமையை ஏற்றுதல், வலையமைப்பு அட்டையை அமைத்தல், கருனிக் கூறுகளைச் சேர்த்தல் போன்றவற்றுக்கான லினக்ஸ் கருவிகள் இங்கு பயன்படவில்லை. அவற்றுக்கு ஈடான ஃபிரீபிஎஸ்டி கருவிகள் குனூ சி நிரலகத்துடன் தொகுக்கப்பட்டு டெபியன் பொதிகளாக வழங்கப்பட்டன. வன்தட்டுகளின் பெயர்களும் ஃபிரீபிஎஸ்டி வழக்கிலேயே அமைந்தன. கணினியைத் துவக்க குரப் ஏற்றி பயன்பட்டது. மூல கோப்பு முறைமைக்கு யூஎஃப்எஸ் இயல்பிருப்பாக இருந்தது.

ஃபிரீபிஎஸ்டி கருனியில் இருந்த, மூலநிரல் வழங்கப்படாத நிலைபொருள் துண்டுகளை, டெபியனின் கட்டற்ற மென்பொருள் நெறிமுறைக்கு இணங்க நீக்கிய பின்னரே கருனி பொதியாக்கப்பட்டது.

பொதிகளில் எழுந்த சிக்கல்கள்

சி நிரலகம் கருனியை மறைத்த போதிலும், அதனையும் தாண்டி எட்டிப் பார்க்கும் நிரல்கள் பல இருந்தன. அவற்றில் கண்ட சிக்கல்களைப் பின்வருமாறு வகுக்கலாம்.

அடையாளம் காணுதல்: பல மென்பொருட்கள் தொகுக்கப்படும் முன், தாம் எந்த இயங்குதளத்தில் உள்ளோம் என்பதை அறியும் சிறு நிரல்களை இயக்குகின்றன. அவற்றின் பழைய பதிப்புகளுக்கு கேஃபிரீபிஎஸ்டி என்னும் பெயரே தெரியாது. அவை உடனே நின்றுவிட்டன. இதற்கான திருத்தம் எளியது, ஆனால் எண்ணற்ற பொதிகளில் செய்யப்பட வேண்டியிருந்தது.

தவறான கேள்வி: குனூ சி நிரலகம் உள்ளதா என அறிய வேண்டிய இடத்தில், லினக்ஸ் உள்ளதா எனக் கேட்கும் நிரல்கள் பல இருந்தன. லினக்ஸில் எப்போதும் குனூ நிரலகமே இருக்கும் என எண்ணியவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றின. இதேபோல் ஃபிரீபிஎஸ்டி கருனியா என அறிய விரும்பியவை, ஃபிரீபிஎஸ்டி இயங்குதளமா எனக் கேட்டன. கேஃபிரீபிஎஸ்டி இவ்விரண்டுக்கும் "இல்லை" என்றே விடை தந்தது. கருனியை மட்டும் குறிக்கும் தனி அடையாளம் ஒன்று தொகுப்பியில் வரையறுக்கப்பட்டு, நிரல்களின் நிபந்தனைகள் திருத்தப்பட்டன.

புராக் அடைவு: லினக்ஸில் செயலி, நினைவகம், செயல்முறைகள் பற்றிய தகவல்கள் புராக் என்னும் அடைவில் கோப்புகளாகத் தோன்றும். ஃபிரீபிஎஸ்டியில் இத்தகவல்கள் வேறு அழைப்பின் வழியே பெறப்படுகின்றன. லினக்ஸ் நிரல்களை இயக்குவதற்கென ஃபிரீபிஎஸ்டி கருனியில் இருந்த லின்புராக்எஃப்எஸ் என்னும் போலிக் கோப்பு முறைமையை அவ்வடைவில் ஏற்றி இச்சிக்கலின் பெரும்பகுதி தீர்க்கப்பட்டது. அதில் காணப்படாத கோப்புகளைத் தேடும் நிரல்களுக்குத் தனித் திருத்தம் தேவைப்பட்டது.

லினக்ஸுக்கே உரிய வசதிகள்: பல இணைப்புகளை ஒருங்கே கண்காணிக்க லினக்ஸ் நிரல்கள் இபோல் என்பதைப் பயன்படுத்துகின்றன. ஃபிரீபிஎஸ்டியில் அதற்கு ஈடானது கேகியூ. ஒலிக்கு லினக்ஸில் ஆல்சா, ஃபிரீபிஎஸ்டியில் ஓஎஸ்எஸ். புதிய வன்பொருள் செருகப்பட்டதை அறிவிக்க லினக்ஸில் யூடெவ், ஃபிரீபிஎஸ்டியில் டெவ்டி. இத்தகைய இடங்களில் பெயரை மாற்றினால் போதாது, புதிய நிரல் எழுத வேண்டும்.

சார்புப் பட்டியல்: ஒரு பொதியைத் தொகுக்கத் தேவைப்படும் பிற பொதிகளின் பட்டியலில் லினக்ஸுக்கு மட்டுமே உரிய நிரலகங்கள் இருந்தால், அப்பொதி வேறெங்கும் தொகுபடாது. "இச்சார்பு லினக்ஸ் கட்டமைப்புகளுக்கு மட்டும்" எனக் குறிக்கும் பொதுக்குறி ஒன்று டெபியனில் வழக்கத்துக்கு வந்து, இவ்வகைச் சிக்கல்களைக் குறைத்தது.

இவற்றைக் கண்டறிந்து ஒட்டு எழுதியவர்கள் பெயர்ப்புக் குழுவினர். அதனை ஏற்றுக்கொள்ள வேண்டியவர்கள் அந்தந்தப் பொதியின் பேணுநரும் மூல ஆசிரியரும். தாம் பயன்படுத்தாத ஓர் இயங்குதளத்துக்கான திருத்தத்தைத் தம் நிரலில் சேர்க்க ஒவ்வொருவரும் இசைய வேண்டியிருந்தது.

ஃபிரீபிஎஸ்டி கருனியின் சிறப்புகள்

டெபியனின் பொதிகளுக்குப் பழகியவர்கள், ஃபிரீபிஎஸ்டி கருனியின் சில வசதிகளை இதன்வழி பெற முடிந்தது.

- சிறை: 2000 மார்ச்சில் வெளியான ஃபிரீபிஎஸ்டி 4.0 இல் அறிமுகமானது. ஒரே கருனியின் மீது ஒன்றையொன்று அணுக முடியாத தனித்தனிச் சூழல்களை அமைக்க உதவுகிறது. லினக்ஸில் கொள்கலன் வசதிகள் பரவலாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இது புழக்கத்தில் இருந்தது.
- இசட்எஃப்எஸ்: சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய கோப்பு முறைமை. சேமித்த தரவில் நேரும் சிதைவைச் சரிபார்ப்பு எண்களால் கண்டறியும் ஆற்றல் கொண்டது. 2008 இல் வெளியான ஃபிரீபிஎஸ்டி 7.0 முதல் அக்கருனியில் உள்ளது. டெபியன் 7 இன் கேஃபிரீபிஎஸ்டி நிறுவி, இதன் மீது இயங்குதளத்தை நிறுவ வழிசெய்தது.
- பிஎஃப்: ஓப்பன்பிஎஸ்டி திட்டத்தில் தோன்றிய தீயரண். இதன் விதிகளை எழுதும் முறை எளிதில் படிக்கத்தக்கது எனப் பெயர் பெற்றது.

ஃபிரீபிஎஸ்டிக்கெனத் தொகுக்கப்பட்ட இயங்கு கோப்புகளை இதில் அப்படியே இயக்க இயலாது. கருனி ஒன்றாயினும் சி நிரலகம் வேறு என்பதே காரணம். ஃபிரீபிஎஸ்டியின் அடிப்படைக் கோப்புகளை ஒரு சிறைக்குள் வைத்து அதனுள் அவற்றை இயக்கலாம்.

உரிமம்

லினக்ஸ் கருனி குனூ பொதுமக்கள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் வழங்கப்படுகிறது. ஃபிரீபிஎஸ்டி கருனியின் பெரும்பகுதி, கட்டுப்பாடுகள் குறைந்த பிஎஸ்டி உரிமத்தின் கீழ் உள்ளது. இசட்எஃப்எஸ் வெளியிடப்பட்ட சிடிடிஎல் உரிமம், குனூ பொதுமக்கள் உரிமத்துடன் ஒத்துப்போகாது எனப் பரவலாகக் கருதப்படுவதால், லினக்ஸ் கருனியோடு அது இணைக்கப்படவில்லை. பிஎஸ்டி உரிமம் கொண்ட கருனியில் அத்தடை எழவில்லை. எனவே இங்கு இசட்எஃப்எஸ் கருனியின் கூறாகவே கிடைத்தது.

அதிகாரபூர்வ நிலையிலிருந்து நீக்கம்

2014 நவம்பரில் டெபியன் வெளியீட்டுக் குழு, ஜெஸ்ஸி வெளியீட்டுக்கு வேண்டிய தரத்தை கேஃபிரீபிஎஸ்டி எட்டும் என்ற நிறைவு தமக்கு இல்லை எனக் கூறி, அதனை அதிகாரபூர்வ கட்டமைப்புகளிலிருந்து நீக்கியது. அதிகாரபூர்வமற்ற வெளியீடு ஒன்றைப் பெயர்ப்புக் குழுவினர் உடன்நிகழ்வாக வெளியிடக்கூடும் என்ற நம்பிக்கையும் அப்போது தெரிவிக்கப்பட்டது. பின்னர் இக்கட்டமைப்புகள் முதன்மைக் களஞ்சியத்திலிருந்து, அதிகாரபூர்வமற்ற பெயர்ப்புகளுக்கான தனிக் களஞ்சியத்துக்கு மாற்றப்பட்டன. டெபியன் 7 இன் வழமையான பாதுகாப்பு ஆதரவு 2016 ஏப்ரலில் முடிந்தது. அதன்பின் தொடர்ந்த நீண்டகால ஆதரவு சில லினக்ஸ் கட்டமைப்புகளுக்கு மட்டுமே வழங்கப்பட்டது.

இந்நிலைக்குப் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன.

முதலாவது, ஆள்வலு. டெபியனில் ஒரு கட்டமைப்பு அதிகாரபூர்வமானதாக ஏற்கப்பட்டால், அதில் ஒரு பொதி தொகுபடாமல் போவது அப்பொதியின் புதிய பதிப்பு அனைவருக்கும் சென்றடைவதையே தடுக்கக்கூடும். எனவே பழுதுகளை விரைந்து நீக்கும் குழு ஒன்று எப்போதும் தேவை. பணியின் பரப்போடு ஒப்பிடுகையில் கேஃபிரீபிஎஸ்டியின் குழு மிகச் சிறியது.

இரண்டாவது, நகரும் இலக்குகள். குனூ சி நிரலகம் ஒருபுறமும் ஃபிரீபிஎஸ்டி கருனி மறுபுறமும் தத்தம் போக்கில் மாறிக்கொண்டிருந்தன. இவ்விரண்டையும் இணைத்த ஒட்டுகளைப் பேணும் பொறுப்பு அவ்விரு திட்டங்களிடமும் இல்லை.

மூன்றாவது, லினக்ஸை மட்டும் சார்ந்த மென்பொருட்களின் பெருக்கம். 2014 பிப்ரவரியில் டெபியனின் தொழில்நுட்பக் குழு, லினக்ஸ் பதிப்புகளுக்குச் சிஸ்டம்டி என்பதை இயல்பிருப்புத் துவக்க முறைமையாகத் தேர்ந்தெடுத்தது. லினக்ஸ் கருனிக்கே உரிய வசதிகளின் மீது கட்டப்பட்ட சிஸ்டம்டி பிற கருனிகளில் இயங்காது. கேஃபிரீபிஎஸ்டிக்காகப் பழைய துவக்க முறைமையைப் பேண வேண்டியிருந்தது. மேசைத்தளச் சூழல்களின் சில கூறுகள் சிஸ்டம்டியின் பணிகளை எதிர்பார்க்கத் தொடங்கியதும், வரைகலை இயக்கிகள் லினக்ஸ் கருனியோடு மேலும் நெருக்கமானதும் சுமையைக் கூட்டின.

நான்காவது, தனிச்சிறப்புகள் அருகியமை. லினக்ஸில் கொள்கலன் வசதிகள் முதிர்ச்சியடைந்தன. லினக்ஸுக்கான இசட்எஃப்எஸ், பயனரின் கணினியிலேயே தொகுக்கப்படும் பொதியாக 2016 இல் டெபியன் களஞ்சியத்துக்கு வந்தது. கேஃபிரீபிஎஸ்டியை நாடுவதற்கு இருந்த காரணங்கள் இவ்வாறு குறைந்தன.

ஒத்த முயற்சிகள்

- டெபியன் குனூ/ஹர்ட்: குனூ திட்டத்தின் சொந்தக் கருனியான ஹர்டின் மீது டெபியனை இயக்கும் முயற்சி. அதிகாரபூர்வ வெளியீடாக ஏற்கப்படவில்லை எனினும் 2013, 2015, 2017, 2019, 2021, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் தனி வெளியீடுகளைக் கண்டது.
- டெபியன் குனூ/நெட்பிஎஸ்டி: நெட்பிஎஸ்டியின் கருனியையும் அதன் சி நிரலகத்தையும் பயன்படுத்த முனைந்தது. மேலே குறிப்பிட்ட முதல் வழியைப் பின்பற்றிய இம்முயற்சி வெளியீட்டு நிலையை எட்டாமல் கைவிடப்பட்டது.
- நெக்சென்டா: ஓப்பன்சோலாரிஸ் கருனியின் மீது டெபியன், உபுண்டு வழியிலான பொதிகளைக் கொண்டது. சிடிடிஎல் உரிமம் கொண்ட சி நிரலகத்துடன் குனூ பொதுமக்கள் உரிமம் கொண்ட பொதி மேலாளரை இணைக்கலாமா என்பது குறித்து 2005 இல் இதனையொட்டி விவாதம் எழுந்தது.
- ஜென்டூ/ஃபிரீபிஎஸ்டி: ஜென்டூ வழங்கலின் பொதி மேலாண்மையை ஃபிரீபிஎஸ்டியின் கருனி, சி நிரலகம், அடிப்படைக் கருவிகள் ஆகியவற்றின் மீது அமைத்தது.

தாக்கம்

திட்டம் முடிவுற்ற பின்னரும் அதன் விளைவுகள் சில எஞ்சியுள்ளன. லினக்ஸ் உள்ளதா எனக் கேட்டு வந்த பல நிரல்கள், தமக்குத் தேவையான வசதி உள்ளதா எனக் கேட்கும் வகையில் திருத்தப்பட்டன. லினக்ஸுக்கு மட்டுமான சார்புகளைப் பெயர் சொல்லிக் குறிக்கும் வழக்கம் டெபியன் பொதிகளில் நிலைபெற்றது. இத்திருத்தங்களுள் பல, இதே சிக்கல்களை எதிர்கொண்ட டெபியன் குனூ/ஹர்டுக்கும் பயன்பட்டன.

கருனியை மாற்றுவது தொழில்நுட்ப அளவில் இயலாமற்போனதால் இத்திட்டம் முடிவுக்கு வரவில்லை. இரு நிலையான வெளியீடுகளில் அது இடம்பெற்று இயங்கியது. கருனிக்கும் சி நிரலகத்துக்கும் இடையிலான இணைப்பைத் தொடர்ந்து பேணுவதற்குப் போதிய ஆட்கள் இல்லாமையே முடிவுக்குக் காரணமாயிற்று.

இவற்றையும் பார்க்க

- டெபியன்
- ஃபிரீபிஎஸ்டி
- குனூ ஹர்ட்
- லினக்ஸ் கருனி
- குனூ சி நிரலகம்